நாக்கிங்கை நிறுத்திய மனிதர்

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



என் அப்பா டிரைவர். மயிலாடுதுறையில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். போன வருஷம் முதலாளி ஒரு பெரிய வெளிநாட்டு வண்டி வாங்கினார். பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சின். டேங்க் மூடியைத் திறந்தால் உள்பக்கம் 95 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரே தகராறு. பிரீமியம் பெட்ரோல்தான் போடணும் என்கிறார் முதலாளி. சாதா பெட்ரோலே போதும், அது காசு பிடுங்குகிற வேலை என்கிறார் அவர் மகன். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் அப்பா.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, டிப்ளமோ படிக்கிற நீதான் எது சரின்னு சொல்லணும் என்று என்னைக் கேட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிரீமியம்னா பவர் ஜாஸ்தி என்று அடித்து விட்டேன். அதை நம்பி அப்பா எங்கள் வீட்டு பழைய எக்ஸ்.எல். வண்டிக்கும் ஒரு மாசம் பிரீமியமே போட்டார். மைலேஜும் ஏறவில்லை, இழுவையும் ஏறவில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம்தான். ஆனால் அப்பா சம்பளத்தில் அதுவும் காசுதானே!

வெட்கத்தை விட்டு எங்கள் தெர்மல் பாடம் எடுக்கும் சாரிடம் போய்க் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பெயரைச் சொல்லி, அந்த மனுஷன் கதையைப் படி, உனக்கே விளங்கும் என்றார். அந்தப் பெயர்தான் தாமஸ் மிட்ஜ்லி.

மிட்ஜ்லி 1889-ம் ஆண்டு மே 18 அன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய அப்பாவும் புதுசு புதுசாகக் கருவிகள் செய்து பார்ப்பவர். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தார். ஆமாம், அவரும் நம்ம ஆளுதான்! 1916-ல் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்த அதே கெட்டரிங்தான்.

அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு ஒரு பெரிய வியாதி இருந்தது. அதுதான் நாக்கிங். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்தும். பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே டப்பென்று வெடித்தால் அதுதான் நாக்கிங். சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். விட்டு வைத்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். இதற்குப் பயந்துதான் அன்றைக்கு கம்ப்ரஷன் விகிதத்தை 4, 5 என்று குறைத்தே வைத்திருந்தார்கள். கம்ப்ரஷன் குறைந்தால் திறன் குறையும் என்பது நமக்குத் தெரியும். ஆட்டோ சைக்கிள் கணக்கு போட்டவர்கள்தானே நாம்!

கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் நாக்கிங்குக்குக் காரணம் என்று சிலர் பழி போட்டார்கள். குற்றம் இக்னிஷனில் இல்லை, எரிபொருளில்தான் என்று கண்டுபிடித்தவர் மிட்ஜ்லி. பிறகு அதற்கு மருந்து தேடக் கிளம்பினார். சிவப்புச் சாயம் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும் என்று ஒரு யூகம். கையில் சாயம் இல்லாததால் அயோடினைக் கலந்து பார்த்தார். நாக்கிங் நின்றது! அப்புறம் நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. யூகம் தப்பு, விடை மட்டும் சரி. அதிலிருந்து வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தார். செலினியம், டெல்லூரியம் எல்லாம் வேலை செய்தன. ஆனால் குளித்தாலும் போகாத நாற்றம். தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் தேடி, கடைசியில் ஈயத்துக்கு வந்து சேர்ந்தார். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியூண்டு கலந்ததும் எஞ்சின் சத்தமே போடாமல் ஓடியது.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரத்து பங்க் ஒன்றில் இந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தில் என்று பெயர். சிவப்பு நிறம். சாதா பெட்ரோலை விடச் சில காசு அதிகம். இன்று நம் பங்க்குகளில் தனி போர்டு போட்டு நிற்கிற பிரீமியம் பெட்ரோலுக்கு இதுதான் மூத்த அண்ணன். பிறகு 1920-களில் எத்தில் கம்பெனியின் கிரகாம் எட்கர் என்ற விஞ்ஞானி ஆக்டேன் அளவுகோலை வகுத்தார். ஐசோ ஆக்டேன் என்றால் 100, நார்மல் ஹெப்டேன் என்றால் 0. இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை. பவர் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நான் அப்பாவிடம் விட்ட கதை அங்கேயே உடைந்தது.

இதுவரை படித்தபோது மிட்ஜ்லி எனக்கு ஹீரோவாகத்தான் தெரிந்தார். அதற்கு மேல் படித்தபோதுதான் மனசு கனத்தது.

ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. மிட்ஜ்லிக்கே 1923-ல் ஈயத்தால் உடம்பு கெட்டு, வேலையை விட்டு விலகி ஓய்வெடுக்கப் போனார். சாராயம், அதாவது எத்தனால் கலந்தாலும் நாக்கிங் அடங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் எத்தனாலை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், தனி உரிமை கொண்டாட முடியாது. ஈயம் துளி போதும், லாபமும் கம்பெனியின் கையில். ஈயமே ஜெயித்தது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஈயச் சேர்மம் தயாரித்த இடத்தில் தொழிலாளிகளுக்குச் சித்தம் கலங்கியது. ஐந்து பேர் செத்துப்போனார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அக்டோபர் 30 அன்று நிருபர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார் மிட்ஜ்லி. ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். தினம் இப்படிச் செய்தாலும் ஆபத்தில்லை என்று சொன்னார். தன் உடம்பு பட்ட பாட்டைச் சொல்லவில்லை. 1925-ல் நின்ற விற்பனை அடுத்த வருஷமே மறுபடி தொடங்கியது. உலகம் முழுக்கப் பரவியது.

1930-ல் பிரிட்ஜுக்கான பிரியான் வாயுவை அறிமுகப்படுத்தினார். அதையும் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்பது 1974-ல்தான் தெரிந்தது. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று யாருக்கும் தெரியாது. ஈயம் அப்படியல்ல. 1940-ல் போலியோ வந்து கால் முடங்கியது. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஒரு அமைப்பு செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறே கழுத்தில் சிக்கி இறந்தார். வயது 55.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ம் ஆண்டில்தான் முழுசாக நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். முதலில் வண்டி விஷயம். டர்போ எஞ்சினுக்கு 95 போடச் சொல்லி ஸ்டிக்கர் இருந்தால் 95 போடுவதுதான் முறை. குறைவானது போட்டால் நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும், ஆனால் இழுவை குறையும். எந்த அளவு வரை இறங்கலாம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நம்ம எக்ஸ்.எல்.லுக்கு சாதா பெட்ரோலே போதும், பிரீமியம் போட்டது வீண், தப்பு என்னுடையது என்றேன். இன்றைய பிரீமியத்தில் ஈயம் கிடையாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். இப்போது சாதா பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அன்று ஓரங்கட்டப்பட்டது நூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது!

அப்புறம் மிட்ஜ்லி கை கழுவிய கதையைச் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வயசிலேயே ஒரு ஒர்க்ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். பெட்ரோலில்தான் கார்ப்புரேட்டர் கழுவுவார், பெட்ரோலில்தான் கை கழுவுவார். டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சித்தான் பெட்ரோல் எடுப்பார். அது ஈயப் பெட்ரோல் காலம். கலந்திருந்தது கொஞ்சம்தான் என்றாலும், அதில் ஈயம் இருக்கிறது என்று ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை. அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நீயாவது தெரிஞ்சிக்கிட்டியே என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார்.

நண்பர்களே! மிட்ஜ்லி மூளைக்காரர், உழைப்பாளி. அதில் சந்தேகமில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டார், விடையும் கண்டார். அந்தப் புகையை யார் சுவாசிப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் தெரிந்த விடையை மறைத்தார். நாளைக்கு நாமும் சூப்பர்வைசராக, ஃபோர்மேனாக நிற்கப் போகிறோம். நம் கீழே ஒரு பன்னிரண்டு வயசுப் பையனை வேலைக்கு நிறுத்தக் கூடாது. நிற்பவர் யாராயிருந்தாலும், கையில் படுவது என்ன என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வெட்கப்படக் கூடாது. இது நான் ஒரு மாச பெட்ரோல் காசு கொடுத்துக் கற்ற பாடம்.