கொசு மேன்சன்

நூற்புழுவைத் தம் உடலில் சுமந்துகொண்டிருக்கும் ஒருவரின் விரல் நுனியிலிருந்து நண்பகலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே மனிதரிடம் நள்ளிரவில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். கண்ணாடித் தகட்டிலே சின்னஞ்சிறு பாம்புக்குட்டிகளைப் போலப் புழுக்கள் நெளியும்! யானைக்கால் நோய்க்காக இரத்தம் எடுக்க வருகிறவர்கள், ஊர் உறங்கப் போகும் வேளையில் வந்து கதவைத் தட்டுவது ஏன் என்று தோழியர் சிலர் வியந்திருக்கலாம். இந்தப் புழுவின் இரவு வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் சர் பாட்ரிக் மேன்சன்.

ஸ்காட்லாந்து நாட்டில், ஆபர்டீன் நகருக்கு அருகிலுள்ள ஓல்டுமெல்ட்ரம் என்னும் சிற்றூரில் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் ஓர் இரும்புப் பட்டறையில் தொழில் பழகினார். முதுகெலும்பு பலவீனமடைந்ததால் அத்தொழிலை விட நேர்ந்தது. பின்னர் ஆபர்டீன் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று 1865-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சீனச் சுங்க இலாகாவின் மருத்துவராகப் பார்மோசாத் தீவுக்கும், 1871-இல் சீனக் கரையிலுள்ள அமாய் துறைமுகத்துக்கும் சென்றார்.

அமாயில் அவர் கண்ட காட்சி நெஞ்சை உருக்குவது. யானைக்கால் நோயால் உறுப்புகள் பருத்து, நடக்கவும் உழைக்கவும் இயலாமல், உற்றாரால் ஒதுக்கப்பட்டவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மேன்சன் கைதேர்ந்த அறுவை மருத்துவர்; பருத்த சதையை அறுத்து எடுத்துப் பலருக்கு வாழ்வு தந்தார். ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கத்தி சொல்லவில்லை. 1875-இல் விடுமுறையில் தாயகம் வந்தபோது, மணமகனாக இருக்க வேண்டிய நாட்களில் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துப் படிப்பகத்தில் உட்கார்ந்து நூல்களைப் புரட்டினார். (மணமகள் ஹென்ரியெட்டா பொறுமைசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்!) அங்கேதான், கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்னும் மருத்துவர் 1872-இல் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்ட செய்தி அவருக்குக் கிட்டியது.

அமாய் திரும்பியதும் இரத்தச் சோதனையைத் தொடங்கினார். இரத்தத்தில் உள்ளவை குஞ்சுகள். அவை அங்கேயே வளர்ந்தால் மனிதன் பிழைக்க மாட்டான். ஆகவே அவை வெளியேறியாக வேண்டும். இரத்தம் குடிக்கும் ஏதோ ஒரு பிராணிதான் அவற்றை வெளியேற்ற வேண்டும் என்று எண்ணினார். ஐயம் கொசுவின்மேல் விழுந்தது. 1877-இல் ஹின் லோ என்னும் தோட்டக்காரர் இசைந்து முன்வந்தார். அவர் இரத்தத்தில் புழுக்கள் நிறைய இருந்தன. வலையடித்த ஓர் அறையில் விளக்கேற்றி அவரைப் படுக்கச் செய்து, கொசுக்கள் நுழையும்வரை கதவைத் திறந்து வைத்துப் பின் மூடினார்கள். விடிந்ததும் வயிறு புடைத்துச் சுவரில் அமர்ந்திருந்த கொசுக்களைப் பிடித்து, நாள்தோறும் சிலவற்றை அறுத்துப் பார்த்தார் மேன்சன். புழு தன் மேலுறையைக் கழற்றிவிட்டு, கொசுவின் இரைப்பையைத் துளைத்து, மார்புத் தசையில் புகுந்து வளர்ந்துகொண்டிருந்தது! மனித நோய் ஒன்றின் கிருமி பூச்சியின் உடலில் வளர்வதை உலகம் அறிந்தது அப்போதுதான். ஓர் இரவு முழுவதும் கொசுக்கடியைத் தாங்கிய ஹின் லோவையும் இங்கே நினைப்பது நம் கடமை.

புழுவின் இரவு வழக்கம் வெளிப்பட்டது இன்னும் சுவையானது. இரத்தம் பார்க்க இரு உதவியாளர்களைப் பழக்கியிருந்தார். ஒருவர் பகலிலும் மற்றவர் இரவிலும் வேலை செய்தார்கள். இரவுக்காரரின் கணக்கில் மட்டும் புழுக்கள் மிகுதி! மேன்சன் சில நோயாளிகளிடம் மணிக்கணக்குப் போட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். மாலையில் தலைகாட்டி, நள்ளிரவில் பெருகி, காலையில் மறைந்தன. கொசு கடிக்கும் நேரமும் அதுவே. அந்தப் புழுக்கள் கடிகாரம் வைத்திருக்கின்றனவா என்று இலண்டனில் கேலி பேசினார்கள். 1881-இல் மக்கென்சி என்னும் மருத்துவர், ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தார். புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டன! பகலில் அவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்குகின்றன என்பதைப் பிற்காலத்தில் மேன்சனே கண்டறிந்தார்.

அவரும் ஓரிடத்தில் தவறினார். கொசு நீரில் விழுந்து சாகிறது, அந்நீரைக் குடிப்பதால் நோய் பரவுகிறது என்று நம்பினார். கொசுவைப் பற்றிய நூல் வேண்டுமென்று அவர் இலண்டனுக்கு எழுத, கரப்பான்பூச்சியைப் பற்றிய நூல் வந்து சேர்ந்ததாம்! 1900-இல் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் ஊசிக்குழாயிலேயே புழுவைக் கண்டு, கடியால்தான் நோய் வருகிறது எனக் காட்டினார்.

மேன்சன் 1883-இல் ஹாங்காங் சென்று, 1887-இல் அங்கு மருத்துவக் கல்லூரி தொடங்க உதவினார். சன் யாட் சென் அக்கல்லூரியின் மாணவர். மலேரியாவுக்கும் கொசுவே காரணம் என்று ரொனால்டு ராசைத் தூண்டியவரும் இவரே. ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் அதற்குச் சான்று கண்டார். 1899-இல் இலண்டனில் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியை நிறுவினார். மலேரியாக் கொசுக்கள் தம் மகனையே கடிக்கச் செய்து, அவனுக்குக் காய்ச்சல் வந்ததையும் கண்டார். அறிவியலுக்காக என்றாலும், ஒரு தகப்பன் இதைச் செய்யலாமா என்று எனக்குத் தோன்றாமலில்லை. அந்த மகன் குணமடைந்தான்.

1922 ஏப்ரல் 9-ஆம் நாள் மேன்சன் மறைந்தார். இன்று பகலிலேயே ஒரு துளி இரத்தத்தை அட்டையில் இட்டு, தாய்ப்புழு வெளிவிடும் பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. ஆயினும் நம் பகுதி நூற்புழுவின் குஞ்சைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள், இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள்தான் ஊசியும் கண்ணாடித் தகடுமாகப் புறப்படுகிறார்கள்.