கல்லைத் தேடியவர் கலையைக் கண்டார்

கண்டியிலிருந்து பேராதனை தாண்டிச் சென்றால் எம்பெக்கே தேவாலயத்தை அடையலாம். கதிர்காமக் கடவுளுக்குரிய அத்தலத்தின் மண்டபத்து மரத்தூண்களிலே அன்னங்களும் மல்லர்களும் நடன மாதரும் உயிருடன் நிற்பதுபோற் செதுக்கப்பட்டுள்ளனர். நாம் பலமுறை அங்கு சென்றுள்ளோம். ஆயின், இவற்றைச் செதுக்கியவர் எவர், அவர் வித்தையை எவ்வாறு கற்றார் என்று ஒருபோதும் கேட்டதில்லை. அத்தகைய கேள்விகளைக் கேட்டு, அவற்றின் பொருட்டுத் தமது வாழ்வின் போக்கையே மாற்றிக்கொண்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அன்னாரது சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் திகதி கொழும்பிலே அவர் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் பெருமகனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்த குழந்தை இங்கிலாந்திலே வளர்ந்தது. இலண்டன் சர்வகலாசாலையில் நிலநூலும் தாவரநூலும் கற்று, 1900இல் அவர் பட்டம் பெற்றார்.

1903இல் இலங்கையின் கனியப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு அவர் தலைவரானார். தோரியனைற் என்னும் அரிய கனியத்தை உலகறியச் செய்தவரும் அவரே. 1906இல் கலாநிதிப் பட்டமும் கிட்டியது. உயர்ந்த உத்தியோகம், விஞ்ஞானப் புகழ், முப்பதை எட்டாத வயது! இனிக் கற்க வேண்டியதில்லையென்று வேறொருவர் எண்ணியிருக்கலாம்.

ஆனால், கல்லையும் மண்ணையும் ஆராயக் கிராமங்கள்தோறும் நடந்த அவரது கண்கள் மனிதரையும் கண்டன. கண்டியரசர் காலத்தில் கைவினைஞர் அரசனுக்கும் கோயிலுக்கும் பணி செய்து, அதற்கீடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அரசு வீழ்ந்தபின் அந்த ஆதரவு குன்றியது; இறக்குமதிப் பண்டங்களும் வந்து குவிந்தன. தந்தை மகனுக்குக் கற்பித்துவந்த வித்தைகள் மெல்ல மறையலாயின. அதனைக் கண்டு அவர் வெறுமனே வருந்தியிருக்கவில்லை. ஓவியரிடமும் உலோக வேலைசெய்வோரிடமும் சென்று, அவர்தம் முறைகளையும் கருவிகளையும் விசாரித்து எழுதினார். மனைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்துதவினார். அவ்வுழைப்பின் பயனாக, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் 425 பிரதிகளாக அச்சாகி வெளிவந்தது.

கலாநிதிப் பட்டம் பெற்றவர் கிராமத்துக் கைவினைஞரிடம் மாணவனாய்ச் சென்றாரே, அதுவே அவரது வாழ்வின் திருப்புமுனையென நாம் கருதுகின்றோம்.

அதன்பின் அவர் கற்றல் ஓயவில்லை. இந்தியா சென்று ஓவியங்களைத் தேடினார். 1916இல் இராஜபுத்திர ஓவியம் பற்றி நூல் வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையிலே இந்தியக் கலைப்பிரிவைப் பேணினார். நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கினார். ஐம்பது வயதைக் கடந்தபின் கிரேக்கம், இலத்தீன், சம்ஸ்கிருதம், பாளி நூல்களில் ஆழ்ந்து மெய்ப்பொருளியலை ஆராய்ந்தார். எழுபது வயது நிரம்பிச் சில நாட்களில், 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவிலே உயிர்நீத்தார்.

நிற்க, நம் நிலை யாது? நாம் பாதிரிமார் கல்லூரியிலே கற்றோம். அங்கு பெற்ற நல்லறிவுக்கு என்றும் கடப்பாடுடையோம். ஆங்கிலக் கவிஞர் பாடிய மலர்களின் பெயர்களை ஒப்புவிப்போம். ஆனால், நம்மைச் சூழவுள்ள தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தின் பாடலொன்றைக்கூட முழுமையாகச் சொல்ல அறியோம். கூத்து நடந்த இரவுகளில் பரீட்சையைக் காரணங்காட்டிக் கதவடைத்துப் படித்தோம். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தையும் மூடிவைத்தோம். இதனை வெட்கத்துடனேயே எழுதுகின்றோம்.

அப்பாடல்களை நெஞ்சிலே தாங்கிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நமக்காக என்றும் காத்திருக்கமாட்டார்கள். இளைஞர்காள்! குறிப்புப் புத்தகமும் பணிவும் கொண்டு அவர்களிடம் செல்வோமாக. பெரியோர்களே! பிந்தி வரும் மாணவராயினும் எம்மை அமர்த்திச் சொல்லித்தாருங்கள்.