மதனப்பள்ளி கண்ட மருத்துவப் பாதிரியார்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்ந்துவரும் தமிழர்களாகிய நமக்கு மதனப்பள்ளி அயலூர் அன்று. சித்தூரிலிருந்து மேற்கே புறப்பட்டு, மொகிலிக் கணவாய் ஏறிப் பலமனேரையும் புங்கனூரையும் கடந்து சென்றால், அவ்வூரின் குளிர்ந்த காற்று நம்மை எதிர்கொண்டு அழைக்கும். திருப்பதியிலிருந்து செல்வோர் பாகராப்பேட்டை மலைச்சாலை ஏறிப் பீலேர் வழியாக அவ்வூரை அடைவர். 1895இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அது. 1919இல் கவி தாகூர் தங்கியிருந்து தம் நாட்டுப்பாடலை ஆங்கிலத்தில் ஆக்கிய ஊரும் அதுவே. இப்பெருமைகளை நாம் அடிக்கடி சொல்லி மகிழ்கிறோம். ஆயின், இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் முன்னரே அவ்வூரைத் தம் ஊராகக் கொண்டு, நாற்பத்தைந்து ஆண்டுக் காலம் உழைத்து, அம்மண்ணிலேயே உயிர்நீத்த ஒருவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். ஒருகாலத்தில் கடல் கடந்தும் புகழ் பரவியிருந்த அவர் பெயர் டாக்டர் ஜேகப் சேம்பர்லின்.

போகும் வழி தெரியாத வேளையில், இறைவன் வழிநடத்துவான் என்று நம்பி அடியெடுத்து வைப்பது எளிதன்று. அந்நம்பிக்கையை நூலில் படிப்பதினும் ஒருவர் வாழ்வில் காண்பது நன்று. ஆகவே இம்மலரில் அவர் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

சேம்பர்லின் 1835ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஷாரன் என்னும் ஊரில் பிறந்தார். ஓஹையோ மாநிலத்தில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பை 1856இலும், இறையியற் கல்வியை 1859இலும் முடித்தார். அதனோடு நில்லாது மருத்துவமும் பயின்றார். கற்றவர்க்கு அந்நாட்டில் வாழ்வதற்கு வழியில்லாமலில்லை. எனினும், 1859 டிசம்பரில், அவ்வாண்டே மணந்த மனைவியாருடன் பாய்க்கப்பல் ஏறினார். 1860 ஏப்ரலில் சென்னைக் கடற்கரையில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. தாம் செல்லும் இடம் இன்னதென்று அறியாமலே ஆபிரகாம் புறப்பட்டதாகக் கிறிஸ்தவர்களின் திருமறை கூறும். இவரும் ஏறத்தாழ அந்நிலையிலேயே புறப்பட்டார் எனலாம்.

அவர் வந்து சேர்ந்தது ஆர்க்காட்டு மிஷன். இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றிய மூத்த ஜான் ஸ்கடரின் மக்கள் 1853இல் நிறுவிய அமைப்பு அது. வேலூர், ஆரணி ஆகியவற்றோடு நம் சித்தூரும் அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. அந்நாளில் சித்தூரே வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் எல்லைநிலம் இது என்பதைத் தமிழ்ச் சங்கத்தாராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சேம்பர்லினும் இரு மொழிகளையும் கற்றார். பலமனேரில் சிறிது காலம் பணி செய்தபின், 1863இல் மதனப்பள்ளியில் குடியேறினார். அன்று கடப்பை மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு இணைக்கப்பெற்றது. 2022 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே விளங்கிற்று.

அதே 1863இல் அவர் ஒரு நெடும்பயணம் மேற்கொண்டார். நான்கு இந்திய உடன்ஊழியருடன், குதிரைமீது ஏறத்தாழ 1200 மைல், ஐதராபாத் நிஜாமின் நாட்டினூடே நடு இந்தியாவரை சென்ற பயணம் அது. ஊர்தோறும் நின்று நற்செய்தி கூறுவதும் நூல்களைப் பரப்புவதும் அவர்கள் நோக்கம். சென்று திரும்பும் வேளையில் மழைக்காலம் வந்துவிட்டது. கோதாவரியில் ஒரு நீராவிப் படகு தங்களை ஏற்றிச் செல்லும் என்று எண்ணியிருந்தனர். அப்படகோ பழுதுற்று வரவியலாது நின்றுவிட்டது. அடுத்த படகு கிடைக்குமிடத்தை அடைய, புலிகள் மலிந்த காட்டினூடே ஏறத்தாழ 75 மைல் நடந்தாக வேண்டும். சுமையாட்கள் அஞ்சினர். எனினும் வேறு வழியில்லாமையால் அனைவரும் காட்டினுள் புகுந்தனர்.

பொழுது சாயும் வேளை. இரவு தங்குவதற்குக் குறித்திருந்த மேட்டுநிலத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். எதிரே வந்த வேட்டுவர் இருவர், கோதாவரியின் வெள்ளம் கிளையாற்றில் பின்னோக்கி ஏறியிருப்பதாகவும், அதனைக் கடக்கப் படகோ பரிசலோ இல்லையென்றும் கூறினர். முன்னே வெள்ளம், பின்னே காடு, நனைந்த நிலத்தில் நெருப்பு மூட்டவும் இயலாது. தம்மை நம்பி வந்த அத்தனை பேரின் உயிரும் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரின் சொல்லில் தொங்கிற்று.

அவ்வேளையில் சேம்பர்லின் குதிரையைச் சற்றே விலக்கி நிறுத்தித் தனியே மன்றாடினார். தம்மால் இனி ஆவதொன்றில்லை என்று ஒப்புக்கொண்டு, வழிகாட்டுமாறு ஆண்டவரை வேண்டினார். இடப்புறம் திரும்பிக் கோதாவரியை நோக்கிச் செல்லவேண்டும் என்ற உணர்வு அவர் உள்ளத்தில் தெளிவாக எழுந்தது. வழிகாட்டிகளைக் கேட்டார்; அப்பக்கம் ஊருமில்லை, படகுமில்லை, பெருகிய ஆறுதான் உண்டு என்று மறுத்தனர். மீண்டும் மன்றாடினார், மீண்டும் அதே உணர்வு. மூன்றாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. பின் தயங்கவில்லை, கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்றார்.

அங்கே ஒரு பெரிய தட்டைப் படகு நின்றிருந்தது! மேலே வேறோர் இடத்தில் கட்டப்பட்டிருந்த அப்படகு, வெள்ளத்தில் கட்டறுந்து மிதந்து வந்ததாம். படகோட்டிகள் எவ்வளவோ முயன்றும் அடங்காமல், அக்கரையில் வந்து ஒதுங்கியதாம். கூட்டத்தார் அனைவரும் தங்குவதற்குப் போதிய இடம் அதில் இருந்தது. இரவெல்லாம் கரையில் புலிகள் உறுமின, படகிலிருந்தோர் பிழைத்தனர். 1896இல் வெளியான தம் நூலுக்குப் புலிக்காட்டில் என்று பொருள்படும் பெயரிட்டு, இந்நிகழ்ச்சியை அவர் விரிவாக எழுதினார்.

இது தற்செயல் என்பாரும் உளர். அவரோடு வழக்காட நாம் வரவில்லை. நாம் கருத விரும்புவது வேறொன்று. படகு அங்கே இருப்பதைக் கண்டபின் அவர் திரும்பவில்லை. திரும்பியபின்னரே படகைக் கண்டார். நம்பிக்கை என்பது முடிவை முன்னறியும் ஆற்றல் அன்று. அடுத்த அடி இன்னதெனத் தோன்றியபோது அதனை எடுத்துவைக்கும் துணிவே அது. அத்துணிவிற்கு முன்னே வழிகாட்டிகளைக் கேட்டறியும் அடக்கமும் அவரிடம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் இஃது ஓர் அற்புதக் கதையாக நின்றிருக்கும். முடியவில்லை. அதே பயணத்தில் காட்டுக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. வெள்ளத்தினின்று ஓரிரவில் மீண்ட அவர், அக்காய்ச்சலினின்று வாழ்நாள் முழுதும் முற்றாக மீளவில்லை. ஆண்டுதோறும் அது திரும்பத் திரும்ப வந்து வருத்திற்று. படகை அனுப்பிய இறைவன் காய்ச்சலை ஏன் அகற்றவில்லை? இவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. நோயுற்ற குழந்தையின் அருகே விழித்திருக்கும் தாயும், சொந்த மண்ணை விட்டு வந்து வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞனும் தம் மொழியில் கேட்கும் வினாவும் இதுவே அன்றோ? சேம்பர்லின் இதற்குச் சொல்லால் விடை கூறியதைவிடச் செயலால் கூறியதே மிகுதி. காய்ச்சல் விட்ட நாள்களிலெல்லாம் அவர் எழுந்து வேலை செய்தார்.

அவ்வேலைகள் பல. மருத்துவ உதவி அரிதாயிருந்த அந்நாளில் பலமனேரிலும் மதனப்பள்ளியிலும் மருந்தகம் நடத்தினார். சாதிமத வேறுபாடின்றி வந்தோர்க்கெல்லாம் மருந்தளித்தார். ஒவ்வொரு நாளும் திருமறை வாசித்து மன்றாடிய பின்னரே நோயாளரைப் பார்க்கத் தொடங்குவது அவர் வழக்கம். 1873 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தெலுங்கு வேதாகமத் திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். தெலுங்கில் கிறிஸ்தவப் பாடல்களைத் தொகுத்தளித்தார். உடல்நலங் குன்றித் தாய்நாடு செல்ல நேர்ந்த காலத்தில், 1878இல், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் பொதுப் பேரவை அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அப்பெருமையோடு அங்கேயே அமர்ந்திருக்கலாம். அவரோ மதனப்பள்ளிக்கே திரும்பினார். கட்டறுந்த படகைக் காண ஓரிரவின் நம்பிக்கை போதும். காய்ச்சலோடு இருபதாண்டு ஒரு மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகச் சீர்செய்வதற்கு நாள்தோறும் புதுப்பிக்கும் நம்பிக்கை வேண்டும். இரண்டினுள் பின்னையதே அரிது என்பது நம் கருத்து.

அவர் தொடங்கியது அவரோடு நின்றுவிடவுமில்லை. அவர் மகனார் வில்லியம் சேம்பர்லின் வேலூர் ஊரிஸ் கல்லூரியின் முதல்வராய் விளங்கினார். திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற ஒரு மாணவர் அக்கல்லூரிக்குச் சென்று படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணனே அவர். மதனப்பள்ளியில் பின்னர்ப் பெண்களுக்கான மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனையும், அதனருகே ஆரோக்கியவரத்தில் காசநோய் மருத்துவமனையும் எழுந்தன. இவற்றில் எதனையும் 1863இல் ஆற்றங்கரையில் நின்ற இளைஞர் கண்டிருக்க முடியாது. அன்று அவர் கண்டது ஒரு படகு மட்டுமே.

1908ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், தமது எழுபத்திரண்டாம் வயதில், சேம்பர்லின் மதனப்பள்ளியில் இறைவனடி சேர்ந்தார். அயல்நாட்டில் பிறந்தவர், நாம் குடியேறி வாழும் இம்மண்ணைத் தம் மண்ணாகவே கொண்டு மறைந்தார்.

நாமும் பிழைப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்கள். திருமலைப் படியேறி வேங்கடவனை வணங்குவோரும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மண்டியிடுவோரும் நம் சங்கத்தில் ஒருங்கே அமர்கின்றோம். நாளை எங்கு மாற்றம் வரும், பிள்ளைகள் எம்மொழியில் வாழ்வர் என்பன நம்மில் எவர்க்கும் தெரியா. தெரியாமை குற்றமன்று. வழி முழுதும் விளங்கட்டும் என்று காட்டின் நடுவே நின்றுவிடாமல், விளங்கிய அளவிற்கு ஓரடி எடுத்துவைப்போம். காய்ச்சல் விட்ட நாளில் எழுந்து நம் வேலையைச் செய்வோம். மதனப்பள்ளிச் சாலையில் இனிச் செல்லும்போது அப்பெரியாரை ஒருகணம் நினைவிற் கொள்வோமாக.