ஐஸ் குச்சிகளுக்குப் பாடிய சாம்

குச்சி ஐஸ் சாப்பிட்டு முடித்ததும் குச்சியை என்ன செய்வீர்கள்? குப்பையில் போட்டுவிடுவோம், இல்லையா? அமெரிக்காவில் சாம் என்ற சிறுவன் அவற்றைச் சேர்த்து வைத்தான். மண்ணில் வரிசையாக நட்டுவிட்டு, அதுங்க முன்னாடி நின்று பாடுவான். அவனுக்கு அவை குச்சிகள் அல்ல. பாட்டுக் கேட்க வந்த கூட்டம்!

சாம் குக் 1931 ஜனவரி 22 அன்று மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அப்பா தேவாலயப் போதகர். சாம் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அவர்கள் சிகாகோ நகரத்துக்குக் குடிபோனார்கள். 19 வயதில் சோல் ஸ்டிரர்ஸ் என்ற புகழ்பெற்ற பக்திப் பாடல் குழுவில் சாம் சேர்ந்தார்.

ஆனால் அவருக்குக் காதல் பாட்டும் ஆட்டப் பாட்டும் பாட ஆசை. பக்திப் பாடகர் அப்படிப் பாடினால் தேவாலய ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிடும். சாம் என்ன செஞ்சார் தெரியுமா? டேல் குக் என்று பெயரை மாற்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயரை மாற்றலாம், குரலை மாற்ற முடியுமா? கேட்டவங்க உடனே கண்டுபிடிச்சிட்டாங்க!

பிறகு சொந்தப் பெயரிலேயே பாடினார். 1957இல் அவரே எழுதிப் பாடிய ‘யூ சென்ட் மீ’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் பெரும்பாலும் எளிய சொற்கள்தான். அதுதான் சாமின் கெட்டிக்காரத்தனம். அந்தக் காலத்தில் பல பாடகர்களின் பாட்டு உரிமை கம்பெனிகளிடம் போய்விடும். சாம் அப்படி விடவில்லை. நண்பரோடு சேர்ந்து சொந்தமாகவே இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார்.

இவ்வளவு புகழ் இருந்தும், தோல் நிறம் கறுப்பு என்பதால் பல இடங்களில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. 1961இல் மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். அங்கே பாட மாட்டேன் என்று சாம் மறுத்துவிட்டார். 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகருக்குப் போனார். விடுதியில் முன்கூட்டியே அறை பதிவு செய்திருந்தார். நேரில் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாமுக்குக் கோபம் பொங்கியது. மனைவி பயந்துபோய், வாங்க போயிடலாம் என்று கெஞ்சினார். வேறு விடுதிக்குப் போனால், அங்கே போலீஸ் காத்திருந்தது! அமைதியைக் கெடுத்ததாகச் சொல்லி அவரைக் கைது செய்தார்கள்.

அதே வருடம் பாப் டிலன் என்ற வெள்ளை இளைஞர் எழுதிய ஒரு பாட்டு சாமைப் பாதித்தது. சம உரிமை பற்றி ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதுறான், நான் ஏன் இன்னும் எழுதலை என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்போது பிறந்ததுதான் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’. மாற்றம் வரும் என்பது அதன் பொருள். 1964 ஜனவரியில் ஒலிப்பதிவு செய்தார்.

அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சாம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33தான். சில நாட்களில் அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாக வந்தது. கறுப்பின மக்கள் தங்கள் உரிமைப் போராட்டத்தின் பாட்டாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஷ்ரீவ்போர்ட் நகர மேயர் 2019இல் சாமின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் 56 வருடங்கள் ஓடிவிட்டன.