புரூஸ் லீ யாருக்குக் கற்றுக்கொடுத்தார்?

2003 ஆம் ஆண்டு. சமாதான காலம் என்று நாங்கள் சொன்ன அந்தக் காலத்தில் ஒரு சிறுவன் என்னிடம் கராத்தே பழக வந்தான். மருதமுனைக் கடற்கரையில் சனி, ஞாயிறு காலைகளில் பதினைந்து, இருபது பிள்ளைகளுக்கு நான் பழக்கிக்கொண்டிருந்தேன். வந்தவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பாண்டிருப்பில் இருந்து வாறேன் சேர் என்றான். பாண்டிருப்பு எங்களுக்கு அடுத்த ஊர், தமிழ் ஊர். வகுப்பில் இடமில்லை, பிறகு பார்ப்போம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். கடற்கரையில் இடமில்லாமல் போகுமா? அவனுக்கும் அது விளங்கியிருக்கும். ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

இத்தனை ஆண்டுகள் கழித்து புரூஸ் லீயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சைக்கிள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்வதற்கு லீயின் கதையைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் தெருவே அங்கே கூடிவிடும். நான் பார்த்த முதல் லீ படம் ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி. ஷங்காய் நகரில் சீனர்களை அவமதிக்கும் ஜப்பானியர்களை ஒற்றை ஆளாக அடித்து நொறுக்கும் கதை. பாண்டிருப்புப் பொடியன்மாரும் எங்களோடு பாயில் இருந்துதான் பார்த்தார்கள். மறுநாள் கடற்கரையில் எல்லோரும் புரூஸ் லீ. என் வாப்பாவின் பெரியப்பா சீனடியும் சிலம்பமும் தெரிந்த அண்ணாவியார். நாங்கள் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காலை மணலில் எப்படி ஊன்றுவது என்று மட்டும் காட்டித் தருவார். சீனடி என்ற பெயருக்குள்ளேயே சீனா இருக்கிறதே என்பது எங்களுக்குப் பெரிய பெருமை.

பிறகு 1990 வந்தது. எங்கள் ஊர்களில் ஜனாஸா, அவர்கள் ஊர்களில் செத்த வீடு. ஒரே பாயில் இருந்து படம் பார்த்தவர்கள் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போக அஞ்சினோம். அதற்குப் பிறகுதான் நான் கராத்தேயை வெறியோடு பழகினேன். துப்பாக்கிக்கு முன்னால் எந்தக் கையும் காலும் நிற்காது என்று தெரிந்தும் பழகினேன். எனக்குத் தேவைப்பட்டது தற்காப்பு என்றுதான் நினைத்தேன். உண்மையில் எனக்குள் இருந்தது அந்தப் படத்தின் கோபம். படத்தில் நடித்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லீ பிறந்தது 1940 நவம்பர் 27 அன்று, அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரில். தகப்பன் லீ ஹோய் சுவென் கன்டோனிய இசை நாடக நடிகர். நாடகக் குழுவோடு பயணம் போயிருந்த இடத்தில் பிள்ளை பிறந்தது. தாய் கிரேஸ் ஹோ ஐரோப்பியக் கலப்பு உள்ளவர். குழந்தைக்குச் சில மாதம் ஆனபோது குடும்பம் ஹொங்கொங் திரும்பியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை அந்த நகரைப் பிடித்தது. மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆக்கிரமிப்பு. பட்டினியும் வெளியேற்றமுமாக, 16 இலட்சம் அளவில் இருந்த சனத்தொகை 6 இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. லீ நடக்கப் பழகியதும் பேசப் பழகியதும் அந்த ஊரடங்குக்குள்தான். வானத்தில் ஜப்பானிய விமானம் போனால் குழந்தை மாடியில் நின்று முட்டியைக் காட்டுவான் என்று அவருடைய வீட்டார் சொல்லிவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஹெலிகொப்டருக்குக் கல்லைத் தூக்கிக் காட்டியதைக் கண்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

யுத்தம் முடிந்த ஹொங்கொங் அகதிகளால் நிரம்பியது. அவர்களில் ஒருவர் 1949 இல் பொஷான் நகரை விட்டு வந்த யிப் மான். சொந்த ஊரில் வசதியாக வாழ்ந்தவர், வந்த இடத்தில் வயிற்றுப்பாட்டுக்காக விங் சுன் என்ற கலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தெருச் சண்டைகளில் அடி வாங்கியும் கொடுத்தும் திரிந்த லீ, பதின்மூன்று வயதளவில் அவரிடம் சேர்ந்தார். விங் சுன் சின்ன இடத்துக்குள் செய்யும் கலை. உடம்பின் நடுக்கோட்டைக் காத்துக்கொண்டு, வளைத்துச் சுற்றாமல் நேராக அடிப்பது அதன் முறை. தாயின் வழியில் கலப்பு இரத்தம் இருப்பது தெரியவந்தபோது, கூடப் பழகிய சிலர் அவரோடு பழக மறுத்தார்கள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சீனக் கலை சீனருக்கு மட்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது.

சண்டையும் பொலிஸுமாகப் போன மகனைப் பெற்றோர் 1959 இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சியாட்டில் நகரில் ரூபி சௌ என்பவரின் உணவகத்தில் பரிமாறும் வேலை, படுக்க ஒரு சிறிய அறை. பகலில் படிப்பு. 1961 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நாடகம் படித்தார்; தத்துவமும் வாசித்தார். அதோடு குங்ஃபூ கற்றுக்கொடுக்கவும் தொடங்கினார். அங்கேதான் கதை திரும்புகிறது.

அவருடைய முதல் மாணவர் ஜெஸி குளோவர், ஒரு கறுப்பினத்தவர். சிறுவயதில் ஒரு பொலிஸ்காரர் அடித்துத் தாடையை உடைத்ததால் தற்காப்புத் தேடியவர். அவருக்குப் பின்னால் வெள்ளையர், சீனர் எனப் பலர் வந்தார்கள். அவர்களோடு வந்தவர் டாக்கி கிமுரா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். லீயைவிட பதினாறு வயது மூத்தவர்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா தன் நாட்டிலேயே இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேர் வரை பிடித்து முகாம்களில் அடைத்தது. முகமும் பெயரும்தான் அவர்கள் செய்த குற்றம். கிமுரா குடும்பமும் முகாமுக்குப் போனது. பள்ளிப் படிப்பு முடிந்த வயதில் முள்ளுக்கம்பிக்குள் போன அந்த இளைஞர், வெளியே வந்தபோது தலை நிமிர்ந்து நடக்க முடியாதவராக இருந்தார். வேலை தேடிப் போன இடங்களில் கதவைச் சாத்தினார்கள். முப்பத்தைந்து வயதிலும் தன்னைப் பற்றிய வெட்கத்தோடு வாழ்ந்தவர் அவர்.

ஜப்பானியக் குண்டுக்கும் பசிக்கும் நடுவில் வளர்ந்த சீனப் பொடியன் இந்த மனிதருக்குத்தான் தன் கலையைக் கொடுத்தார். நிமிர்ந்து நில்லுங்கள், நல்ல உடை உடுத்துங்கள் என்பது முதற்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அவரைத் தன் உதவி ஆசிரியராக்கினார். 1964 ஓகஸ்டில் லிண்டா எமரியைத் திருமணம் செய்தபோது மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவரும் கிமுராதான். திரையில் ஜப்பானியரை அடித்த அந்தப் படம் 1972 இல் வந்தது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே லீயின் மிக நெருங்கிய நண்பர் ஒரு ஜப்பானியர். இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் வாசித்தேன். வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1964 இன் கடைசியில் ஒக்லண்ட் நகரில் வொங் ஜாக் மான் என்ற இன்னொரு சீனக் கலைஞரோடு லீ ஒரு சண்டை செய்தார். சீனர் அல்லாதவர்களுக்குக் கற்பித்ததால் வந்த சவால் அது என்று லிண்டா எழுதினார். வொங் தரப்பு அதை மறுத்தது. வென்றவர் யார் என்பதிலும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. முக்கியம் அதுவல்ல. லிண்டாவின் கணக்கில் சில நிமிடங்களில் முடிந்த அந்தச் சண்டைக்குப் பிறகு லீ மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தார், தன்மேலேயே அதிருப்தியோடு. தான் பழகிய முறை ஓடும் ஆளைத் துரத்தி அடிக்கப் போதவில்லை என்று கண்டார். எதிரியைக் குறை சொல்லாமல் தன் கலையைக் குறை சொன்னார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ஜீத் குன் டோ. 1967 இல் அந்தப் பெயரை வைத்தார். வரும் அடியை இடைமறிக்கும் முட்டியின் வழி என்பது அதன் பொருள். மற்றவன் அடிக்க முனைந்து கை நீளும் அந்தக் கணத்திலேயே, தடுப்பதும் அடிப்பதும் ஒரே அசைவாகப் போக வேண்டும். இந்த எண்ணத்தை அவர் எடுத்தது ஐரோப்பிய வாள் விளையாட்டில் இருந்து. அவருடைய அண்ணன் பீற்றர் வாள்வீச்சு வீரர். கால் வைப்பைக் குத்துச்சண்டையில் இருந்து எடுத்தார். முகம்மது அலியின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வலுவான கையை முன்னே வைத்து நிற்பது அவர் வழக்கம் என்பதால், கண்ணாடியில் இடம் வலம் மாற்றியும் பார்த்தார். பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான டான் இனொசான்டோவிடம் இருந்து பொல்லு வித்தையை அறிந்துகொண்டார். அடி எங்கே இருந்து வந்தது என்பதைவிட அது பயன்படுகிறதா என்பதே கேள்வி. பயன்படாததைக் கழித்தார், அது தன் குருவிடம் கற்றதாக இருந்தாலும்.

ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஆகவே வழியும் வேறு என்பது அவர் கொள்கை. அவரிடம் பழகியவர்களில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார் ஒருவர், ஏழடி இரண்டு அங்குலம் உயரம். அவருக்கும் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குள் நின்ற லீக்கும் ஒரே அசைவு எப்படிப் பொருந்தும்? தண்ணீர் பாத்திரத்துக்கு ஏற்ப வடிவம் எடுப்பதை லீ அடிக்கடி உவமையாக எடுத்தார். அது தாவோ தத்துவத்தில் இருந்து அவருக்கு வந்தது. 1970 இல் தன் பெயரில் நடந்த பாடசாலைகளை மூடினார். தான் செய்ததையும் சனம் ஒரு மாறாத பாணியாக்கி, அதைச் சுற்றி மதில் கட்டிவிடும் என்ற பயம் அவருக்கு.

அதே ஆண்டு, உடலைச் சூடாக்காமல் பாரம் தூக்கியபோது முதுகு நரம்பு பாதிக்கப்பட்டது. இனி உதைக்க முடியாது என்றார்கள் வைத்தியர்கள். மாதக்கணக்கில் படுக்கை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். குடும்பத்தைக் காக்க லிண்டா வேலைக்குப் போனார். லீ படுத்தபடியே வாசித்தார், குறிப்புகள் எழுதினார். அவை அவர் இறந்த பிறகு 1975 இல் புத்தகமாக வந்தன. கைகால் இழந்தும், உடம்புக்குள் செல் துண்டுகளோடும் வாழும் எத்தனையோ பேர் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பறக்கும் உதையைக் காட்டப் போவதில்லை. படுக்கையில் கிடந்தபடி தன் கலையை எழுதிய லீயைத்தான் காட்டுவேன். எழுந்த பிறகும் முதுகு வலி அவரை விடவில்லை. நாங்கள் பார்த்த படங்கள் எல்லாம் அந்த வலியோடு நடித்தவை.

1971 இல் த பிக் பொஸ், 1972 இல் இரண்டு படங்கள், 1973 இல் என்டர் த டிராகன். அந்தக் கடைசிப் படம் திரைக்கு வருமுன், 1973 ஜூலை 20 அன்று, ஹொங்கொங்கில் தலைவலிக்கு ஒரு மாத்திரை எடுத்துவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. மூளை வீங்கியிருந்தது. தவறுதலாக நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிந்தது. வயது 32. சியாட்டிலில் லேக் வியூ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டியைச் சுமந்தவர்களில் கிமுராவும் ஒருவர்.

பொஸ்னியாவில் மொஸ்டார் என்று ஒரு நகரம். முஸ்லிம்களும் குரோட்களும் ஆற்றுக்கு இரு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் கொன்ற இடம். அவர்களுடைய பழைய பாலம் 1993 இல் குண்டடிபட்டு விழுந்தது. 2004 இல் திரும்பக் கட்டினார்கள். அங்குள்ள இளைஞர்கள் சிலர் எல்லோருக்கும் பொதுவான ஒருவருக்குச் சிலை வைக்க நினைத்தார்கள். தங்கள் தலைவர்களில் அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் சின்ன வயதில் விரும்பிப் பார்த்த புரூஸ் லீக்கு 2005 நவம்பர் 26 அன்று வெண்கலச் சிலை வைத்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே யாரோ அதைச் சேதப்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கக் கொண்டுபோன சிலை 2013 இல்தான் திரும்ப வந்தது. ஒரு சிலையால் ஊர் ஒன்றாகிவிடாது. பிரதேச செயலக எல்லையில் இன்னும் இழுபடும் கல்முனைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு வாத்தியார் தன் வகுப்பில் யாரைச் சேர்ப்பது என்பது எந்தச் செயலகத்தின் கையிலும் இல்லை. அது என் கையில் இருந்தது. நான் தவறவிட்டேன். அண்ணாவியார் மணலில் கால் ஊன்றக் காட்டித் தந்தபோது பாண்டிருப்புப் பொடியன்மாரும் எங்களோடுதான் நின்றார்கள். அவர் ஒருவரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு பாண்டிருப்பில் அந்தச் சிறுவனை விசாரித்தேன். குடும்பம் தப்பியது, வேறு இடம் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. இப்போது முப்பது தாண்டியிருப்பான். இன்று என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள், அவர்களில் மூன்று பேர் பாண்டிருப்பு. முதல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தாய் மூன்று வாரமும் சவுக்கு மரத்தடியில் காவல் இருந்தார். நாலாம் வாரம் வரவில்லை. பிள்ளை தனியே சைக்கிளில் வந்தாள்.

டாக்கி கிமுரா 2021 ஜனவரியில், 96 வயதில் இறந்தார். அதுவரை பல ஆண்டுகளாக லீயின் கல்லறைக்குப் போய், புல்லை ஒதுக்கி, கல்லைத் துடைத்துச் சுத்தம் செய்துவந்தவர் அவர்தான்.