கற்பிட்டியின் காசிச்செட்டி: அரச கணக்குக்கு அப்பால் எழுதிவைத்த அதிகாரி

இலங்கையின் ஊர்கள், ஆறுகள், குளங்கள், சமூகங்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தொகுத்த 'சிலோன் கசற்றியர்' 1834 இல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி என்றே இன்று பலரும் நினைக்கக்கூடும். எழுதியவர் புத்தளம் கரையில் பிறந்த சைமன் காசிச்செட்டி. அப்போது அவருக்கு வயது 27.

1807 மார்ச் 21 இல் கற்பிட்டியில், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த நீண்ட நிலநாக்கு அது. களப்பின் வாயிலைப் பிடித்தவர் கையிலேயே கண்டி இராச்சியத்தின் மேற்குக்கரை வணிகமும் இருந்தது. அதனால்தான் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமானது. பாதுகாப்பையும் வருமானத்தையும் ஒன்றாகவே கவனித்த அரசின் நிழலில், தமிழும் சிங்களமும் போர்த்துக்கேயமும் டச்சும் காதில் விழும் ஊரில் அவர் வளர்ந்தார்.

ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் அறிந்திருந்தது அவருக்கு வாசலைத் திறந்தது. இளம் வயதிலேயே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர், பின்னர் புத்தளத்தின் மணியகாரரானார். அதன்பின் முதலியார் பதவியும் வந்தது. வரி திரட்டுவதும், காணிப் பிணக்குகளை விசாரித்து மேலிடத்துக்கு அறிவிப்பதும், அரசாணைகளை ஊர்களுக்குக் கொண்டுசெல்வதும் மணியகாரரின் பணிகள். புத்தளத்தில் இவற்றோடு உப்பும் சேர்ந்திருந்தது. உப்பு அரசின் தனியுரிமை. அரச கருவூலத்துக்கு உப்பளங்கள் முக்கியமானவை.

அரசுக்குத் தேவைப்பட்டது கணக்கு மட்டுமே. எத்தனை குடும்பம், எவ்வளவு நிலம், எவ்வளவு வருமானம் என்று தெரிந்தால் அதற்குப் போதும். காசிச்செட்டி அதோடு நிற்கவில்லை. அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர், அங்கே யார் வாழ்கிறார்கள், அவர்களுடைய வழக்கங்கள் என்ன என்பதையும் திரட்டினார். அந்தத் தேடலின் முதற்பெரும் விளைவுதான் கசற்றியர். பரதவர் பற்றியும் இலங்கை முஸ்லிம்கள் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின.

1833 சீர்திருத்தத்தின்படி அமைந்த சட்ட நிரூபண சபையில் உள்ளூர் மக்களுக்கு மூன்றே ஆசனங்கள். சிங்களவருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் 1889 இல்தான் வந்தது. தமிழர் ஆசனத்தில் முதலில் இருந்த குமாரசுவாமி முதலியார் இறந்த பின், 1838 இல் காசிச்செட்டி அதற்கு நியமிக்கப்பட்டார். அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநர்தான் தெரிவு செய்தார். ஆட்சியாளரின் நம்பிக்கையில் தங்கியிருந்த பிரதிநிதித்துவம் அது. அதன் எல்லையையும் சேர்த்தே அவருடைய அரசியலை மதிப்பிட வேண்டும்.

1841 இல் 'உதயாதித்தன்' என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவருடைய இதழ் நீடிக்கவில்லை. 1845 இல் சபையை விட்டு இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். ஐரோப்பியருக்கே உரியதாக இருந்த அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் சுதேசிகளில் ஒருவர் அவர். பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார்.

நீதிபதியாக இருந்தபோதும் எழுத்து நிற்கவில்லை. 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்', ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூல். பெரும்பாலான சங்க நூல்கள் அச்சேறாத காலம் அது. ஏடுகளையும் செவிவழிச் செய்திகளையும் நம்பியே எழுத வேண்டியிருந்தது. அதனால் அதில் கதையும் வரலாறும் கலந்துதான் கிடக்கின்றன, பல காலக்கணிப்புகளை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் தமிழில் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' போன்ற பின்வந்த நூல்களுக்கு அது வழிகாட்டியது. கம்பரும் வள்ளுவரும் இருக்கும் பட்டியலில் ஈழத்துப் புலவர்களும் இடம்பெற்றார்கள். தமிழ் இலக்கியம் பாக்கு நீரிணைக்கு இப்பாலும் வாழ்ந்தது என்பதற்கு அச்சில் ஒரு சான்று கிடைத்தது.

1860 நவம்பர் 5 இல் காசிச்செட்டி இறந்தார். தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் பற்றி அவர் எழுதிய நூல் 1934 இல்தான் கொழும்பில் வெளிவந்தது. சமூகங்களைச் சாதிவாரியாக வகைப்படுத்திய காலனியக் கண் அவருடைய எழுத்திலும் உண்டு. அதைக் கவனத்தில் கொண்டே இன்று அவரை வாசிக்க வேண்டும்.

அவர் பதிவுசெய்த கரை இன்று அப்படியே இல்லை. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் தமிழ் பேசிய பல குடும்பங்கள், பாடசாலை மொழி மாறியபின் சில தலைமுறைகளில் சிங்களம் பேசுவோராயின. உடப்பு போன்ற சில ஊர்களே தமிழைத் தக்கவைத்துள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை கடற்படையின் வசம் இருக்கிறது.

உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் சொந்தக் காணிக்கு உரிமை கோரி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரு சமூகம் முழுவதுமே அந்த இழப்பை அறிந்தது. ஊரை விட்டு வந்தவர்களின் ஊர்ப்பெயர்கள், குளங்களின் பெயர்கள், கோயில்களினதும் பள்ளிவாசல்களினதும் கதைகள் இன்று பெரும்பாலும் முதியவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. மணியகாரர் வேலையின் நடுவே இத்தகையவற்றைத் திரட்டிய ஒருவரால்தான் இந்தக் கரையின் இருநூறு ஆண்டுக்கு முந்தைய முகம் நமக்குத் தெரிகிறது. இதைச் செய்ய இன்று பதவி தேவையில்லை. அந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க ஆள் வேண்டும்.