கணக்கு உபாத்தியாயர் தாதாபாய்

நகரசபைக்கோ சட்டசபைக்கோ ஒருவர் அபேக்ஷகராக நின்றால், அவருடைய குலம் என்ன, ஆஸ்தி என்ன என்று விசாரிப்பதே நம் ஜனங்களின் வழக்கம். முன்னர் அவர் என்ன தொழில் செய்தார், அதை எவ்விதம் செய்தார் என்று கேட்போர் சொற்பம். தாதாபாய் நௌரோஜியின் விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

1825-ல் ஏழைப் பார்ஸி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்த பிள்ளையை, எழுத்தறியாத தாயார் மாணிக்பாய் வளர்த்தார். பம்பாயில் சம்பளமில்லாப் பள்ளியில் படித்ததால், தம் கல்வி பொதுஜனங்களின் பணத்தில் வந்த கடன் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணித ஆசிரியரானார். அங்கே புரொபஸர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1849-ல் நண்பர்களுடன் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார். அந்நாளில் அது வைதிகர்களின் வசவை வலிய வாங்கிக்கொள்ளும் காரியம்.

1855-ல் காமா கம்பெனியின் பங்காளியாக லண்டன் சென்றார். அபினியிலும் மதுவிலும் வந்த லாபம் மனத்துக்கு ஒவ்வாமல் விலகி, 1859-ல் சொந்தமாகப் பஞ்சு வியாபாரம் தொடங்கினார். வியாபாரத்தினிடையே லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் குஜராத்தியும் போதித்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்ததும் பஞ்சு விலை சரிந்தது. பம்பாயில் பல வீடுகள் முழுகின. 1866-ல் அவர் கம்பெனியும் நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் அவருடைய நாணயத்தை அறிந்து விடுவித்தனர். லாபம் சம்பாதித்த வர்த்தகர்கள் ஏராளம். நஷ்டத்திலும் பெயரைக் காத்தவர் எத்தனை பேர்?

பேரேடு பார்த்துப் பழகிய அந்தக் கண் பின்னர் தேசத்தின் கணக்கின்மேல் விழுந்தது. ஆண்டுதோறும் சரக்கு அதிகமாகக் கப்பலேறுகிறது. அதற்கு ஈடான வரவைக் காணோம். ஒரு கடையில் இப்படி நடந்தால் முதலாளி சும்மா இருப்பானா? அந்நிய உத்தியோகஸ்தரின் சம்பளமாகவும் பென்ஷனாகவும் லண்டன் செலவாகவும் பொருள் வடிந்து போவதை 1867 முதல் எடுத்துக்காட்டினார். 1876-ல் இந்தியனுடைய சராசரி வருஷ வருமானம் இருபது ரூபாய் என்று கணக்கிட்டு, சிறைக் கைதியின் உணவுக்கும் உடைக்கும் அதைவிட அதிகம் செலவாவதை ஸர்க்கார் அறிக்கைகளைக் கொண்டே நிரூபித்தார். மேடை முழக்கத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். ஸர்க்கார் தானே அச்சிட்ட எண்களுக்கு என்ன பதில் சொல்வது?

இத்தகையவர்தான் 1886-ல் லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் பார்லிமெண்டுக்கு நின்றார். 1,950 வோட்டுப் பெற்றுத் தோற்றார். எதிரிக்கு 3,651. ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேயர் தேர்ந்தெடுக்கும் காலம் வரவில்லை என்ற கருத்தில் 1888-ல் பிரதம மந்திரி சாலிஸ்பரி பேசினார். சொந்தக் கட்சியான லிபரல் கட்சியிலேயே சிலர் அவரை விலகச் சொல்லிப் பார்த்தனர். அவர் அசையவில்லை. கைத்தொழிலாளர் நிறைந்த மத்திய பின்ஸ்பரியில் வீடு வீடாக ஏறி இறங்கி, 1892-ல் மூன்றே வோட்டில் ஜயித்தார். மறு எண்ணிக்கையில் அது ஐந்தாயிற்று.

1895 தேர்தலில் ஸ்தானம் போயிற்று. ஆனால் இந்தியாவின் செலவுகளை ஆராய அவ்வருஷமே நியமிக்கப்பட்ட வெல்பி கமிஷனில் அவர் ஓர் அங்கத்தினர். எழுபது வயதில், ஸர்க்கார் கணக்குப் புத்தகங்களைத் தம் முன் விரித்து வைக்கச் சொல்லி உட்கார்ந்தார்.